வேகா பேட்ரோலும் போட்டு டிரைவர் தேசப்பனும்

ராயபுரத்தில் தேசப்பனின் பெயர் எழுதப்பட்டிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ரசூல் பீவியின் கம்ப்யூட்டர் கடை வாசலில் ஆணியில் தொங்கிய கரும்பலகை. ‘வேகா பேட்ரோல், ஒன்பதாம் ஆட்டம், தேசப்பன், 4 நிமிடம் 12 நொடி’ என்று அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள், கூடையோடு திரும்புகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லார் கண்ணிலும் படும். 2002 ஏப்ரல் பதினாறாம் தேதி மதியம் அவர் கடைக்குப் போனபோது அந்த வரி இல்லை. ஈரத்துணி துடைத்த தடம்கூட இன்னும் காயவில்லை. அந்த இடத்தில், ‘அன்புக்கரசி, 3 நிமிடம் 38 நொடி.’

தேசப்பன் பதினாறு வருடமாக விசைப்படகு ஓட்டுகிறவர். அவர் ஓட்டும் படகின் நெற்றியில் முதலாளி மகளின் பெயர் இருக்கும். ஏலத்தில் கூவுவது படகின் பெயரை. துறைமுகத்தில் பதிவாவது படகின் எண். எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடுக்கடலுக்குப் போய், மீனோடும் ஆட்களோடும் பத்திரமாகத் திரும்பி வருகிற டிரைவரின் பெயரை எவரும் எங்கும் எழுதுவதில்லை. அவருடைய அப்பா நாற்பது வருடம் கட்டுமரம் தள்ளினார். அவர் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, பிறகு சாவுச் சான்றிதழில் இருந்தது. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற தேசப்பனுக்கு அந்தக் கரும்பலகை லேசான விஷயம் இல்லை.

அந்தக் கடைக்கு அவர் முதலில் போனதே ஆட்டத்துக்காக இல்லை. 1998இல் முதலாளி படகுக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கிப் போட்டார். மூன்றாம் மாதம் யாரோ எதையோ அமுக்கியதில், குறித்து வைத்த மீன்பாடு இடங்கள் எல்லாம் திரையிலிருந்து காணாமல் போயின. துறைமுகத்தில் யாருக்கும் வழி தெரியவில்லை. ரசூல் பீவியிடம் போகச் சொன்னார்கள். அவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பெண்மணி. ஷார்ஜாவில் வேலை செய்த கணவர் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி வைக்க, பூத்தைப் பாதியாகத் தடுத்து டைப்பிங் வேலையும் ஜாதகமும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கருவியைக் கையில் வாங்கியவர் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, பத்து நிமிடத்தில் எல்லா இடத்தையும் மீட்டுக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் தேசப்பன் கம்ப்யூட்டர் திரையில் ஓடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டார்.

கணவர் அனுப்பிய பெட்டியிலேயே ஏழு ஃபிளாப்பியில் வந்த ஆட்டம் அது. கறுப்பு வானம், புள்ளிப் புள்ளியாய் நட்சத்திரம், முக்கோணமாய் எதிரிக் கப்பல். அதற்குள் அடுத்தடுத்து வருகிற ஆட்டங்களில் ஒன்பதாவதுதான் கடினம். ஒரு கிரகத்தைச் சுற்றிக் கல் வளையம். அதற்குள் புகுந்து, சரக்குக் கப்பல் ஒன்றைச் சுடுபடாமல் அழைத்து வந்து, கடைசியில் தன் விமானத்தைத் தாய்க்கப்பலின் வாயில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். காலேஜ் பையன்கள் வளையத்தைத் தாண்டிவிடுவார்கள். நிறுத்துகிற இடத்தில் மோதிச் செத்துப் போவார்கள். எஞ்சினை அணைத்தாலும் அந்த விமானம் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும்.

தேசப்பன் முதல் தடவையே நிறுத்தினார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பார் அவர். காசிமேட்டில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். கரைக்கு நாற்பது அடி இருக்கும்போதே எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு, மிச்ச தூரத்தைப் படகே கடந்து பக்கத்துப் படகின் டயரில் மெல்லச் சாய்கிற மாதிரி கொண்டுவர வேண்டும். தினமும் செய்கிற வேலை. அதைத்தான் திரையிலும் செய்தார்.

2001இல்தான் நாற்பத்தைந்து நாள் மீன்பிடித் தடை வந்தது. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காலையில் வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது. மதியத்துக்கு மேல் ஆம்பிளைகளுக்கு வேலை இல்லை. பலர் சீட்டாடினார்கள். தேசப்பன் ரசூல் பீவி கடைக்குப் போனார். அந்தத் தடைக்காலத்தில் போட்டதுதான் நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. ஒரு வருடம் யாரும் நெருங்கவில்லை.

இப்போது அது துடைக்கப்பட்டிருந்தது. அவர் ரசூல் பீவியிடம் குரலை உயர்த்தவில்லை. யார் இந்த அன்புக்கரசி என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பினாள். இருபத்தாறு வயது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிங் வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடுவாள். ‘வேகா பேட்ரோல்’ விண்டோஸுக்குப் புதுசாக வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, தன் சம்பளத்தில் ரிச்சி தெருவில் வாங்கி, ரசூல் பீவியின் புது மெஷினில் ஏற்றியிருந்தாள். அவளும் பழைய ஆட்டத்தில் தோற்றவள்தான். புதியதில் பத்தாவது நாளே முடித்துவிட்டாள்.

தேசப்பன் புதியதில் உட்கார்ந்தார். படம் கண்ணைப் பறித்தது. கல் வளையத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழுந்தது. ஆனால் மூன்று முறை ஆடியும் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. தாய்க்கப்பலுக்கு முன்னால் எஞ்சினை அணைத்தார். விமானம் பாதி வழியில் டக்கென்று நின்றது. மறுபடி எஞ்சினைப் போட்டார், மறுபடி அணைத்தார், மறுபடி நின்றது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வெற்றி சிரித்துவிட்டான். அவன் தேசப்பனின் மனைவி கோவிந்தம்மாவுக்குத் தம்பி. படகிலும் அவர் ஆள்.

“இன்னா மாமா, ஷேர் ஆட்டோ மாரி நின்னு நின்னு போற. ஆள் ஏத்துறியா?”

சாயங்காலத்துக்குள் வலை பின்னுகிற இடம் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. டிரைவருக்குக் கப்பலை நிறுத்தத் தெரியவில்லை, தடைக்காலம் முடிந்ததும் நம் போட்டை எங்கே கொண்டுபோய் இடிப்பாரோ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கோவிந்தம்மாகூட, சோறு போடும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு, தட்டையாவது சரியான இடத்தில் நிறுத்தட்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் தேசப்பன் கடையில் தன் வாதத்தை வைத்தார். இது அந்த ஆட்டம் இல்லை. பேர் அதே பேர், கல் அதே கல், கப்பல் மட்டும் வேறு. பழையதில் ஓடுவது கப்பல், புதியதில் ஓடுவது பிரேக் போட்ட பஸ். வேறு ஆட்டத்தில் எடுத்த நேரத்துக்காகத் தன் பெயரை அழித்தது தப்பு.

அன்புக்கரசிக்குச் சுருக்கென்றது. தன் மூன்று நிமிடம் முப்பத்தெட்டு நொடியை பஸ் ஓட்டியதாகச் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது. அட்டையில் பாருங்கள், அதே ஆட்டம், படமும் சத்தமும் மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று போட்டிருக்கிறது என்றாள். “தோத்துட்டா தோத்தேன்னு சொல்லுண்ணே. கம்பெனிக்காரன் மேல ஏன் போட்ற?”

ரசூல் பீவி இரண்டு பேரையும் பார்த்தார். கடையில் அவர் சொல்தான் தீர்ப்பு. “வாய்ல சொன்னா நான் அழிக்க மாட்டேன், எழுதவும் மாட்டேன். வேற வேறன்றியே, அதக் கண்ணுக்குத் தெரியிற மாரி காட்டு. மே இருவத்தொம்போதுக்குள்ள. அப்பால நீ பாட்டுக்குக் கடலுக்குப் பூடுவ, நான் யார்கிட்ட பேசறது?”

அதற்குப் பிறகு ஒரு மாதம் தேசப்பன் செய்ததை ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரன் செய்திருந்தால் சம்பளம் கொடுத்திருப்பார்கள். கடையில் மூன்று மெஷின் இருந்தது, மூன்று ‘வேகா பேட்ரோல்’ இருந்தது. ஷார்ஜா மெஷினில் ஃபிளாப்பியில் வந்த முதல் ஆட்டம். நடு மெஷினில் 1996இல் சி.டி.யில் வந்த இரண்டாவது. ஓரத்தில் விண்டோஸ். மீன்பாடு இடங்களையும் ஆழத்தையும் குறித்து வைக்கிற நோட்டிலேயே மூன்று கோடு இழுத்து, ஆடி ஆடிக் குறித்தார். அன்புக்கரசி அதை எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தானே எழுத ஆரம்பித்தாள். அவர் தப்பாக எழுதிவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம். அவள் நியாயமாக எழுதுவாளா என்று அவருக்குச் சந்தேகம். அதனால் கணக்கு சுத்தமாக வந்தது.

முதல் ஆட்டத்தில் கேப்டன் பேச மாட்டார். உத்தரவு அடியில் ஆங்கில எழுத்தாக ஓடும். தேசப்பனால் அதைப் படிக்க முடியாது, தேவையும் படவில்லை. சி.டி. ஆட்டத்தில் கேப்டனுக்குக் குரல் கொடுத்திருந்தார்கள். கம்பீரமான குரல்தான். ஆனால் அவர் நிதானமாகப் பேசி முடிப்பதற்குள் எதிரி வந்து சுட்டுவிட்டுப் போய்விடுவான். நம் முதலாளி கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று தேசப்பன் சொல்ல, அன்புக்கரசி அதை எழுதிக்கொள்ளாமல் சிரித்தாள். முதல் ஆட்டத்தில் சரக்குக் கப்பல் நமக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கும், சி.டி.யில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது, விட்டுவிட்டுப் போய்விடும். இந்த மாற்றத்தைத் தேசப்பன் பாராட்டினார். கடலில் எவன் காத்திருக்கிறான்?

சத்தத்தில்தான் அவர் பெரிய வித்தியாசத்தைப் பிடித்தார். படகில் வேகம் காட்டும் முள்ளை அவர் பார்ப்பதே இல்லை; எஞ்சின் சத்தத்திலேயே வேகம் தெரியும். முதல் ஆட்டத்தில் வேகம் ஏற ஏறச் சத்தம் ஏறியது. சி.டி.யிலும் அப்படித்தான், பாட்டை மட்டும் நிறுத்திவிட வேண்டும். விண்டோஸ் ஆட்டத்தில் எஞ்சின் அருமையாக உறுமியது. நின்றாலும் அதே உறுமல், பறந்தாலும் அதே உறுமல். அன்புக்கரசி இதைக் கவனித்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னார். கேட்டாள். நோட்டில் எழுதினாள். படத்தில் விண்டோஸுக்குப் பத்துக்குப் பத்து, மற்ற இரண்டுக்கும் மூன்று என்று அவர் சொன்னதையும் எழுதினாள்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், முதல் ஆட்டத்தில் அவர் கல் வளையத்தைச் சுற்றி வருவதை அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சுற்று பேசாமல் பார்த்தவள் மூன்றாவது சுற்றில் கேட்டாள்.

“ஏண்ணே, நேரா திரும்ப வேண்டிய எடத்துல இவ்ளோ பெருசா வளைக்கிற. பின்னால எதையோ இஸ்துகினு போற மாரியே கீது.”

தேசப்பன் கையை எடுத்துவிட்டார். திரையில் விமானம் கல்லில் மோதி வெடித்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

இழுவை வலை போட்ட படகைச் சட்டென்று திருப்பக் கூடாது. வலையின் வாயை விரித்துப் பிடிக்கிற இரண்டு மரப்பலகைகளும் ஒன்றோடொன்று சிக்கும், வலை முறுக்கிக்கொண்டு படகுக்கு அடியில் சுழலும் காத்தாடியில் சுற்றும், எஞ்சின் நிற்கும். டிரைவராகிற ஒவ்வொருவனும் முதல் மாதத்தில் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வது அந்தப் பெரிய வளைவைத்தான். பதினாறு வருடமாக அவர் கை வேறு மாதிரி திரும்பியதே இல்லை. நான்கு வருடமாக வானத்திலும் அப்படியே திரும்பியிருக்கிறார். இல்லாத வலை அறுந்துவிடக் கூடாதே என்று.

வயிறு குலுங்கச் சிரித்தார். ரசூல் பீவி, என்ன ஆயிற்று என்று கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சொன்னதும் அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் தேசப்பனுக்கு வேறொன்று உறைத்தது. புதிய ஆட்டத்தில் தனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனதற்கு ஆட்டம் மட்டும் காரணம் இல்லை. பாதிக் குற்றம் தன் கையில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்டுபிடித்த அன்புக்கரசிகூட அதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். “எழுதுமா. வளைவுல போன நேரம் என் தப்பு. நிக்கிற எடத்துல போன நேரம் ஆட்டத்தோட தப்பு. ரெண்டையும் தனித்தனியா எழுது.”

அன்புக்கரசி பேனாவைத் திறக்காமல் அவரைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் ‘கம்பெனிக்காரன்’ என்ற பேச்சை எடுக்கவில்லை.

மே இருபத்தேழாம் தேதி மதியம் சோதனை. வெற்றி படகு ஆட்கள் நாலு பேரைக் கூட்டி வந்திருந்தான், வேடிக்கைக்குத்தான். மூன்று மெஷினிலும் ஆட்டத்தின் பயிற்சி மைதானம். அங்கே எதிரி இல்லை, கல் இல்லை, ஒரு மிதவை விளக்கு மட்டும் இருக்கும். அதிலிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று திரையின் மூலையில் எண் ஓடும். அன்புக்கரசி எண்ணை நம்புகிறவள். அந்த எண்ணே சாட்சி என்பது அவள் யோசனை.

முதலில் ஷார்ஜா மெஷின். முழு வேகத்தில் மிதவையைத் தாண்டியதும் தேசப்பன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எண் நூறு, முந்நூறு, ஆயிரம் என்று ஏறியது. ரசூல் பீவி ஒரு போன் பேசிவிட்டு வந்தார், நாலாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டீ வந்தது, குடித்தார்கள், இன்னும் ஓடியது. நடு மெஷினிலும் அப்படியே. மூன்றாவதில் அன்புக்கரசி தானே உட்கார்ந்தாள். மிதவையைத் தாண்டி எஞ்சினை அணைத்தாள். அறுநூறு, எழுநூறு, எழுநூற்று நாற்பது. அங்கேயே நின்றது. இன்னொரு முறை செய்தாள். எழுநூற்று நாற்பது. மூன்றாவது முறையும் அதே எண்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“பிரேக் கீதுண்ணே. நீ சொன்னது கரெக்ட்.”

வெற்றியோடு வந்தவர்களில் ஒருவர் ராசையா, துறைமுகத்தில் மூத்த டிரைவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. பழைய இரண்டையும் காட்டி அதுதான் தண்ணி என்றார், புதியதைக் காட்டி இது தரை என்றார். வெற்றி ஷேர் ஆட்டோ பேச்சை அத்தோடு விட்டான்.

தேசப்பன் அத்துடன் எழுந்து போயிருக்கலாம். ஆனால் நோட்டில் அவர் தப்பும் எழுதியிருந்தது. முதல் மெஷினில் ஒன்பதாம் ஆட்டத்தைப் போட்டார். முதல் கல்லில் கை பழக்கத்துக்குப் பெரிதாக வளையப் பார்த்தது. “வல இல்ல, வல இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூக்கை ஒரே வெட்டாகத் திருப்பினார். விமானம் பழைய திசையிலேயே மிதந்துகொண்டு புதிய திசையைப் பார்த்தது, எதிரியைச் சுட்டார், அப்புறம் எஞ்சினைப் போட்டார். படகு ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். தாய்க்கப்பல் தெரிந்ததும், வழக்கமான தூரத்தில் எஞ்சினை அணைத்தார். மிச்சத்தை விமானம் தானாகக் கடந்து போய் வாய்க்குள் உட்கார்ந்தது.

3 நிமிடம் 51 நொடி. தன் பழைய நேரத்தில் இருபத்தொரு நொடியை அவரே அறுத்துவிட்டார்.

அடுத்து விண்டோஸ். தரை என்று தெரிந்துவிட்ட பிறகு தரையில் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார்; கடைசி வரை எஞ்சினை அணைக்கவே இல்லை. 3 நிமிடம் 44 நொடி. அன்புக்கரசியைவிட ஆறு நொடி அதிகம். அவள் முதல் மெஷினில் உட்கார்ந்து மூன்று முறை மோதி வெடித்து, நாலாவதில் 4 நிமிடம் 40 நொடியில் முடித்தாள். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தினமும் வருவேன் என்று ரசூல் பீவியிடம் சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினாள்.

ரசூல் பீவி கரும்பலகையை இறக்கி முழுசாகக் கழுவினார். ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். ஃபிளாப்பி, சி.டி., விண்டோஸ் என்று மூன்று கட்டம். காய்ந்த பிறகு எழுதுகிறேன், போய் வலையைப் பார் என்று தேசப்பனை அனுப்பிவிட்டார்.

முப்பதாம் தேதி விடியலில் படகுகள் கிளம்பின. இரண்டாம் நாள், வலை தண்ணீரில் இருக்கும்போது, வெற்றி சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கம்ப்யூட்டரில் திருப்பின மாதிரி ஒரு வெட்டு வெட்டிக் காட்டச் சொன்னான். தேசப்பன் பெரிதாக, நிதானமாக, பதினாறு வருடப் பழக்கத்தோடு வளைத்தார். “அங்க வல இல்லடா. இங்க கீது.”

ஆறாம் நாள் காசிமேட்டுக்குத் திரும்பினார்கள். கரைக்கு நாற்பது அடியில் எஞ்சின் சத்தம் தணிந்தது. படகு மிதந்து வந்து பக்கத்துப் படகின் டயரில் சாய்ந்தது. யாரும் கேலி பேசவில்லை. ஏலம் முடிந்ததும், வெற்றியே முன்னால் நடந்து எல்லாரையும் ரசூல் பீவி கடைக்குக் கூட்டிப் போனான்.

கரும்பலகை வாசலில் இருந்தது. விண்டோஸ் கட்டத்தில் அன்புக்கரசி, அடியில் தேசப்பன். ஃபிளாப்பி கட்டத்தில் தேசப்பன், 3 நிமிடம் 51 நொடி. அடியில் அன்புக்கரசி, 4 நிமிடம் 6 நொடி. எட்டு நாளில் முப்பத்துநாலு நொடி குறைத்திருந்தாள். ஆனால் வெற்றி விரல் வைத்துக் காட்டியது நேரத்தை இல்லை. தேசப்பன் பெயருக்குப் பக்கத்தில், அவர் கேட்காமலே, ரசூல் பீவி இரண்டு சொல் சேர்த்து எழுதியிருந்தார். வெற்றி அதை, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, எழுத்துக் கூட்டிப் படித்தான். ‘போட்டு டிரைவர்.’

தேசப்பன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தானும் ஒரு முறை படித்தார். பிறகு உள்ளே போய், நடு கட்டம் ஏன் காலியாக இருக்கிறது, சி.டி. மெஷின் சும்மா இருக்கிறதா என்று கேட்டார்.